டீஸி கச்சேரிக்குப் போய்வந்தேன்: கற்றுக்கொண்டிருப்பவர் எப்படிக் கேட்கவேண்டும்?

கேள்வி (சூசோவிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் கரூர். சீனாவின் சூசோ நகரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக டீஸி பழகுகிறேன். எங்கள் மாடிவீட்டுப் பையன் பள்ளியில் வாசித்த குழல் அது. அவன் கல்லூரிக்காக வெளியூர் போனதும் அவனுடைய அம்மா அதைத் துணிப்பையோடு என் கையில் கொடுத்துவிட்டார். சும்மா கிடந்தால் மூங்கில் வெடித்துவிடும், நீயாவது ஊது என்றார். இப்படித்தான் தொடங்கியது.

டீஸியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் புல்லாங்குழல் போலவே குறுக்காகப் பிடித்து ஊதும் மூங்கில் குழல். விரல் துளைகள் ஆறு. ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே கூடுதலாக ஒரு துளை இருக்கும். நாணல் தண்டின் உட்புறத்திலிருந்து உரித்த மெல்லிய சவ்வை அதன்மேல் ஒட்டவேண்டும். வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது. அதற்கு டீமோ என்று பெயர். ஊதும்போது அந்தச் சவ்வு அதிர்வதால்தான் டீஸியின் ஒலியில் ஒரு மினுமினுப்பு வருகிறது. சவ்வு சரியில்லை என்றால் எவ்வளவு நன்றாக ஊதினாலும் ஜலதோஷம் பிடித்தவர் பேசுவதுபோலத்தான் இருக்கும்.

என் ஆசிரியர் குன்ச்சூ நாடகத்துக்குக் குழல் வாசித்து ஓய்வுபெற்றவர். குன்ச்சூ இந்தப் பகுதியில் பிறந்த பாட்டு நாடகம். பக்கத்து ஊரான குன்ஷானின் பெயர்தான் அதற்கு. ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், பிங்ஜியாங் தெருப் பக்கம் ஒரு சிறிய அரங்கில் டீஸி தனிக் கச்சேரி இருக்கிறது, போய்க் கேள் என்றார். என்ன கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை. 80 யுவான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். நூறு நாற்காலிக்குச் சற்று மேல் இருக்கலாம். எனக்கு மூன்றாவது வரிசை. ஒலிபெருக்கி கிடையாது. இங்கே அது பிளம் பழம் கனியும் பருவம். பல வாரங்களுக்கு விட்டுவிட்டு மழை. அன்றும் மழைதான்.

முதல் உருப்படி ‘கூசூ ஷிங்’. கூசூ என்பது சூசோவின் பழைய பெயர். ஜியாங் ஷியான்வெய் 1962இல் இயற்றியது. இரண்டு மாதமாக நான் பழகிவரும் உருப்படி அது என்பதால் ஸ்வரத்தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இங்கே ஸ்வரங்களை 1 முதல் 7 வரை எண்களாக எழுதுவார்கள். தாளை மடியில் விரித்து, எண்களின்மேல் விரலை ஓட்டியபடி கேட்டேன். மூன்றாவது வரியில் வாசித்தவர் தாளில் இல்லாத ஒரு சின்ன ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அது எங்கே என்று நான் தேடுவதற்குள் நாலு வரி ஓடிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கையை நீட்டி என் தாளை மெதுவாக மடித்து வைத்தார். “அப்புறம்” என்று ஒரே ஒரு சொல். அதற்குப் பிறகுதான் நான் நிமிர்ந்து மேடையில் வாசிப்பவரைப் பார்த்தேன்.

பார்த்ததில் முதலில் உறைத்தது வேகம். கூசூ ஷிங்கின் நடுவில் ஒரு துள்ளுநடைப் பகுதி வரும். அதை மெட்ரோநோமில், அதாவது தாளவேகம் காட்டும் கருவியில், நிமிடத்துக்கு 126 தட்டு வரை ஏற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அவர் அதை என்னைவிட நிதானமாக வாசித்தார். ஆனால் அவர் வாசித்ததுதான் துள்ளியது.

பிறகு குட்டையான குழலை எடுத்து, வட சீனத்தின் வடக்குப் பாணியில் ‘ஊ பாங்ஸி’ வாசித்தார். சபை குதூகலித்தது. அதற்கடுத்து ‘ஜகூ ஃபெய்’. கௌதாரி பறக்கிறது என்று பொருள். ஹூனான் மாகாணத்து நாட்டார் மெட்டு. பறவை தூரத்தில் போய்க் கண்ணுக்கு மறைவதுபோல ஒலி சிறுத்துக்கொண்டே போகும் இடம் ஒன்று உண்டு. வெளியே ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டும் சத்தத்துக்கும் கீழே போனது அந்த ஒலி. சுருதி மட்டும் இம்மியும் இறங்கவில்லை! நான் அந்த அளவு மெதுவாக ஊதினால் சுருதி தொங்கிவிடும், அதற்கும் கீழே போனால் வெறும் காற்று. அளவிடுவது என் தொழில். அந்த இடத்தில் என் காது கூர்ந்து நின்றது, ஆனால் அவர் என்ன செய்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னால் சற்றுத் திரும்பி நின்று, விரல்நுனியால் சவ்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு ஸ்வரம் ஊதினார். ஒருமுறை எடுத்த குழலைத் திரும்ப வைத்துவிட்டு வேறு குழல் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து குழலைத் தொட மனம் வரவில்லை. சோர்வு இல்லை, எதை மாற்றவேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பழகும் நிலையில் இருப்பவர் கச்சேரியில் எதைக் கேட்கவேண்டும்? விரலையா, மூச்சையா, மெட்டையா? தாளை எடுத்துக்கொண்டு போனது தவறா? அந்த மெல்லிய முடிவை எப்படிப் பழகுவது? மழைக்காலச் சவ்வுக்கு என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (ஹாங்சோவிலிருந்து)

வணக்கம் சகோதரி. மென்பொருள் வேலைக்காக ஹாங்சோ வந்தவன். பதினோரு வருடமாக டீஸி வாசிக்கிறேன். இந்த நகரத்தின் யூஹாங் பகுதியில் சோங்தாய் என்ற இடம் இருக்கிறது. கசப்பு மூங்கில் விளையும் மலை. வீட்டுக்கு வீடு குழல் செய்வார்கள். விடுமுறை நாள்களில் அங்கே ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். சவ்வைப் பற்றிச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான்.

முதலில் சவ்வு. ஈரக்காற்றில் சவ்வு தளர்ந்து தொய்கிறது, வறண்ட காற்றில் இறுகுகிறது. தொய்ந்தால் ஒலி கரகரக்கும், மேல்ஸ்தாயி ஏறாது. இறுகினால் மினுமினுப்பு போய்விடும். வெளிக்காற்றின் ஈரம் மட்டும் இல்லை. உங்கள் மூச்சின் ஈரமும் குழலுக்குள் படிந்துகொண்டே இருக்கிறது. அதனால் மழைநாளில் வழக்கத்தைவிடச் சற்று இறுக்கமாக ஒட்டுங்கள். கால் மணி நேரம் ஊதியதும் அது தானாகச் சரியான நிலைக்கு இறங்கி வரும். சுருக்கங்கள் குழலின் நீளத்துக்குக் குறுக்காக, மெல்லிய கோடுகளாக விழவேண்டும். பசைக்கு அஜியாவ், அதாவது கழுதைத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசைக்கட்டி, நல்லது. ஈரவிரலால் துளையைச் சுற்றித் தேய்த்தால் போதும், கொஞ்சம் நீர் காட்டினால் திரும்பப் பெயர்த்து ஒட்டலாம். வேறு கோந்து எதையும் வைக்காதீர்கள், சவ்வைத் திருத்தவே முடியாது. பூண்டுச்சாறும் பழைய வழக்கம்தான், ஆனால் எனக்கு அது ஒத்துவரவில்லை. அவர் எடுத்த குழலைத் திரும்ப வைத்தாரே, அதன் சவ்வு தொய்ந்திருக்கும். மேடைக்குப் போகிறவர்கள் ஒரே சுருதியில் இரண்டு குழல் வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

அடுத்து அந்த மெல்லிய முடிவு. மெதுவாக ஊதுவது என்றால் நாம் காற்றைத் தளர்த்திவிடுகிறோம். அங்கேதான் சுருதி விழுகிறது. காற்றின் அளவு குறையலாம், வேகம் தளரக் கூடாது. உதட்டின் திறப்பை எள்ளளவுக்குச் சிறிதாக்கி, உதட்டைச் சற்று முன்னே கொண்டுவாருங்கள். அப்படியும் இறங்கினால் குழலை மயிரிழை வெளிப்பக்கம் உருட்டுங்கள், சுருதி ஏறும். வயிறு கடைசி நொடிவரை தாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். சுருதிமானியை முன்னால் வைத்துக்கொண்டு, நடு ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கைக்குள் பலத்திலிருந்து மௌனம்வரை கொண்டுபோய்ப் பாருங்கள். தினமும் பத்து நிமிடம். எனக்கு இது வசப்பட ஒன்றரை வருடம் ஆயிற்று. ஜகூ ஃபெய்யை அதற்கு முன்னால் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த மெட்டு விரலுக்கு எளிது, அதனால் முடிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வரும்.

ஷாங்காயின் லூ சுன்லிங் வாசித்த ஜகூ ஃபெய் பதிவு கிடைத்தால் கேளுங்கள். 1921இல் பிறந்து 2018இல் மறைந்தவர். இளமையில் மூன்று சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்தவர். தேநீர்க் கடைகளில் பட்டுத்தந்தி, மூங்கில் வாத்தியக் குழுக்களோடு வாசித்து வளர்ந்தார். அந்தக் குழு வாசிப்பில் ஒருவர் நிறைக்கும்போது மற்றவர் விலகுவார். அவருடைய மென்மை அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

பதில் 2 (சிங்கப்பூரிலிருந்து)

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் பள்ளி நாள்கள் நினைவுக்கு வந்துவிட்டன. எங்கள் பள்ளியின் சீன வாத்தியக் குழுவில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். நான்கு வருடம் பாங்டி வாசித்தேன், அந்தக் குட்டைக் குழல். இப்போதும் ஷென்டன் வே பக்கம் உள்ள சிங்கப்பூர் மாநாட்டு மண்டபத்தில் சிங்கப்பூர்ச் சீன இசைக்குழுவின் நிகழ்ச்சி என்றால் முடிந்தவரை போய்விடுவேன்.

தாளை எடுத்துப் போனதில் தவறு இல்லை. ஆனால் அந்தப் பாட்டி செய்தது சரி. நான் முதல்முறை கேட்கும்போது கண்ணை அதிகம் நம்புவதில்லை. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் தாளை எடுத்து, நினைவில் நின்ற இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுவேன். தாளில் இல்லாத ஒரு சின்ன ஸ்வரம் என்றீர்களே, அது தெற்குப் பாணியின் அலங்காரம். சான், தியே, ஸெங், தா என்று நான்கு சொல்வார்கள். நடுக்கம், மேல் ஸ்வரத்தை மின்னலாகத் தொட்டு இறங்குவது, முடிவில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சிறு ஸ்வரம், ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வரும்போது விரலால் தட்டிப் பிரிப்பது. பழைய தாள்களில் இவற்றை எழுதவே மாட்டார்கள், வாசிப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் கேட்டது ஸெங்காக இருக்கலாம். ஆசிரியரிடம் பாடிக் காட்டுங்கள், உடனே சொல்லிவிடுவார்.

வடக்குப் பாணியை நீங்கள் இரண்டு வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தம். சபை குதூகலித்தது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஊ பாங்ஸியில் நாக்கு எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஸ்வரங்களை வெட்டி வெட்டிப் போடுவதும், விரலை வழுக்கி ஸ்வரத்துக்கு ஸ்வரம் இழுப்பதும் அந்த மண்ணின் பேச்சு. அந்த உருப்படியை அமைத்த ஃபெங் ஸிசுன் ஹெபெய் மாகாணத்துக் கிராமத்தில் நாட்டார் கூத்துக்கு ஊதியவர். 1953இல் பெய்ஜிங்கில் நடந்த நாட்டார் இசை விழாவில் அவர் தனியாக நின்று வாசித்தார். தனிக் கச்சேரி வாத்தியம் என்ற இடத்துக்கு டீஸி வந்தது அதிலிருந்துதான் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். அதற்கு முன்னால் பெரும்பாலும் நாடகத்துக்கும் பாட்டுக்கும் கூட வாசிப்பதுதான் அதன் வேலை.

அதனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் சூசோவில் இருக்கிறீர்கள். குன்ச்சூ நாடகம் பார்த்தீர்களா? உங்கள் ஆசிரியரே அந்தக் குழலர் என்கிறீர்கள்! போய்ப் பாருங்கள். பாடுபவரைக் கவனித்தால் குழல் புரியும்.

இருக்கை விஷயமும் சொல்லிவிடுகிறேன். குழலின் வால் வாசிப்பவருக்கு வலப்பக்கம் நீளும், நமக்கு அது இடப்பக்கம். அரங்கில் வலப்பக்கம் உட்கார்ந்தால் உதடும் மூச்செடுக்கும் தோளும் மறைக்காமல் தெரியும்.

பதில் 3 (கும்பகோணத்திலிருந்து)

அம்மா, நான் டீஸியைத் தொட்டதில்லை. நாற்பது வருடமாக நம் புல்லாங்குழல் வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எதைக் கேட்கவேண்டும் என்று நீங்கள் கேட்டது எனக்கும் உரிய கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

கேள்வி ஞானம் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. பாடம் ஆகாத கீர்த்தனையைக்கூடக் கேட்டுக் கேட்டே பாடிவிடுவார்கள், இதற்குத்தான் அந்தப் பெயர். என் குரு கச்சேரிக்கு அழைத்துப் போனால் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். திரும்பும் வழியில் பஸ்ஸில், “எந்த இடம் இன்னும் காதில் இருக்கிறது, பாடு” என்பார். ஒரே ஓர் இடம் சொன்னால் போதும். இரண்டு சொன்னால் நம்பமாட்டார். உங்களுக்கு அந்தக் கௌதாரி மறையும் இடம் நின்றுவிட்டது. அதுவே அந்தக் கச்சேரியில் உங்கள் பங்கு. மற்றதை விட்டுவிடுங்கள்.

நம் காதோடு அங்கே போவதில் ஒரு சங்கடமும் உண்டு. சீன மெட்டுகளில் பெரும்பகுதி ஐந்து ஸ்வரம். கேட்டதும் மோகனம் என்று மனம் பெயர் சூட்டிவிடும். உண்மையில் அந்த ஐந்து ஸ்வரங்களையே வைத்துக்கொண்டு ஆதார ஸ்வரத்தை மாற்றி மாற்றி ஐந்து முறைமைகள் வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் அவை மோகனம், மத்யமாவதி, இந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று நாம் சொல்வதேதான். ஆனால் ராகம் என்று பெயர் வைத்த கணத்திலேயே நாம் அங்கே கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைக்கும் நம் முறையை, தேட ஆரம்பித்துவிடுவோம். அவர்கள் ஸ்வரத்தை அசைக்கும் முறை வேறு, நிறுத்தும் முறை வேறு. சிங்கப்பூர்ப் பெண் சொன்ன அந்த ஸெங்கை நம் ஸ்புரிதம் என்ற கமக வகையோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடாமல் கேட்டுப் பாருங்கள். எனக்கு அது கடினமாக இருந்தது, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு கூசூ ஷிங் பதிவு ஒன்றைத் தேடிக் கேட்டேன். மூன்றாவது முறைதான் மோகனம் காதைவிட்டு விலகியது.

வேகத்தைப் பற்றி நீங்களே கண்டுகொண்டீர்கள், அதனால் சொல்லவில்லை. அந்தச் சவ்வின் ஒலி மட்டும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து)

மூவருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

சிங்கப்பூர்த் தங்கை சொன்னபடி ஆசிரியரிடம் அந்தச் சின்ன ஸ்வரத்தைப் பாடிக் காட்டினேன். ஸெங்தான். அவர் சிரிப்பது அரிது, அன்று சிரித்தார். ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று கேட்டேன். பதில் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை தன் பழைய நண்பர்கள் கூடிப் பாடும் இடத்துக்கு வரச் சொன்னார். ஒரு பழைய வீட்டின் முன்கூடம். ஏழெட்டுப் பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். வேஷம் இல்லை, மேடை இல்லை. ஒருவர் பாட, என் ஆசிரியர் குழல். இரண்டு வருடமாக அவரிடம் படிக்கிறேன், அவர் இன்னொருவருக்காக வாசித்துக் கேட்டது அதுதான் முதல்முறை.

குன்ச்சூவில் ஒரு சொல்லைத் தலை, வயிறு, வால் என்று மூன்றாகப் பிரித்துப் பாடுகிறார்கள். தொடக்க மெய், நடுவில் நீளும் உயிர், கடைசியில் மூடும் ஒலி. ஒரே சொல் பல நொடிகள் நீளும். வால் மூடும் இடத்தில் பாடகியின் குரல் சிறுத்து உள்ளே போகிறது. குழலும் கூடவே சிறுக்கிறது. அந்தச் சின்ன ஸ்வரம் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. நான் அதைப் பூவேலை என்று நினைத்திருந்தேன். அது சொல்லின் வால்! இடைவேளையில் ஆசிரியர் கூசூ ஷிங் தாளை எடுத்து, எங்கெல்லாம் ஒரு சொல் முடிவதாகத் தனக்குத் தோன்றுகிறது என்று பென்சிலால் பதினான்கு கோடு போட்டுத் தந்தார். அந்த உருப்படியில் சொற்களே கிடையாது. ஆனாலும் அவர் போட்ட இடங்களில் மூச்செடுத்தால் மெட்டு பேசுகிறது. நான் அதுவரை மூச்சு தீர்ந்த இடத்தில் மூச்செடுத்துக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்து ஐயா, கமகத்தைத் தேடாதே என்றீர்கள். அந்தக் கூடத்தில் முதல் அரை மணி நேரம் தேடிக்கொண்டுதான் இருந்தேன். பாடகி ஒரு சொல்லை முடித்துவிட்டுக் கண்ணை மூடியபோது நின்றுவிட்டது.

ஹாங்சோ அண்ணா, எள்ளளவுத் திறப்பு இன்னும் வரவில்லை. எட்டு எண்ணிக்கையில் ஐந்துவரை முள் அசையாமல் நிற்கிறது, ஆறில் விழுகிறது. முதல் வாரம் மூன்றில் விழுந்தது. மெட்ரோநோமை 96க்கு இறக்கிவிட்டேன். ஜகூ ஃபெய் தாளை அலமாரியில் வைத்துவிட்டேன்.

சவ்வு விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே பலித்தது. இறுக்கி ஒட்டி, பதினைந்து நிமிடம் பொறுத்தால் குரல் திறக்கிறது. மாடிவீட்டு அம்மா மழைநாளிலும் இப்போது குழல் கேட்கிறதே என்றார். அவருடைய மகன் அடுத்த வாரம் விடுமுறைக்கு வருகிறானாம். வந்ததும் அவன் ஒருமுறை வாசிக்கட்டும் என்று புதிய சவ்வுப் பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். அவன் வரும் நாள் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு ஒட்டவேண்டும்.